பந்தயம் முடிந்த குதிரையைக் கூட்டிவருமுன்

ஏப்ரல் சீசன் முடிந்து நுவரெலியா ரேஸ் கோர்ஸில் கூட்டம் கலைந்ததும், திம்புள்ளப் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். டவுனில் குப்பை மேட்டைக் கிளறும் குதிரையையோ, கிரகரி வாவி ஓரம் முதுகுப் புண்ணோடு சவாரிக்கு நிற்கும் குதிரையையோ பார்த்து மனம் பொறுக்காமல் வருகிறவர்கள். "ஐயா, அதைக் கொண்டுவந்து வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். என் தாத்தா துரைமார் காலத்தில் குதிரைக்காரராக இருந்தவர். எனக்கும் குதிரைகளோடுதான் வயது போனது. கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. முதலில் அது என்ன உயிர் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1848இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் பண்ணை வைக்க இங்கிலாந்திலிருந்து கப்பலில் அனுப்பிய மாடு, செம்மறி, வேட்டைநாய்களோடு ஓர் உயர்சாதி ஆண் குதிரையும் வந்தது. அந்தத் தரோபிரெட் சாதிதான் இன்றைக்கும் பந்தயத்தில் ஓடுகிறது. இரண்டு வயதிலேயே அதை ஓடவிட ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து, ஆறு வயதில் கால் நரம்பு வீங்கினாலோ வேகம் குறைந்தாலோ அதன் வேலை முடிந்தது. ஆனால் குதிரையின் ஆயுள் 25 வருடம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30ஐயும் தொடும். பந்தயம் எடுத்துக்கொள்வது மூன்று நான்கு வருடம். மிச்சமுள்ள இருபது வருடத்துக்கு யாரும் கணக்கு வைத்திருப்பதில்லை. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது அந்த இருபது வருடத்தை. இன்றைக்கு உங்களுக்கு இருபத்திரண்டு வயதென்றால், உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலத்திலும் அது புல்லுக்குக் காத்து நிற்கும்.

"அவிழ்த்துவிட்டால் நெடுந்தீவுக் குதிரை மாதிரி தானாக மேய்ந்து பிழைக்காதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நெடுந்தீவுக் குதிரைகள் வெள்ளைக்காரர் காலத்தில் விடப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அந்தக் காய்ந்த மண்ணுக்குப் பழகிக் குறுகிய உடம்போடு பிறக்கிறவை. அவையே கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகின்றன. லாயத்தில் பிறந்து, நாளில் இருபது மணிநேரத்துக்கு மேல் நான்கு சுவருக்குள் நின்று, வாளியில் தின்று வளர்ந்த குதிரைக்கு எந்தச் செடியைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதுகூடத் தெரியாது.

2. இடம் கேட்டு வாங்குங்கள். லயத்துக்குப் பின்னாலுள்ள நிலம் உங்கள் கையில் இருந்தாலும் தோட்டம் கம்பனிக் குத்தகையில் இருக்கிறது. மாட்டுப்பட்டி வைக்கிறவர்களை யாரும் கேட்பதில்லை என்பதற்காகக் குதிரையையும் அப்படியே கொண்டுவந்து கட்டாதீர்கள். தோட்டத் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பக்கத்துக் காம்பராக்காரர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஈ, வாடை, இரவில் கனைக்கும் சத்தம், எல்லாமே அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

3. குதிரையை வாங்கும்போது கடிதம் இல்லாமல் வாங்காதீர்கள். தெருவில் திரிகிற குதிரைக்கும் பெரும்பாலும் ஓர் உரிமையாளர் இருப்பார். அது மெலிந்து கிடக்கும்வரை அவர் கண்ணில் படமாட்டார். தேறி மினுமினுத்து நிற்கும் நாளில் வந்துவிடுவார். நிறம், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, தழும்பு எல்லாவற்றையும் குறிப்பிட்டு, இன்ன தேதியில் முழு உரிமையோடு ஒப்படைத்தேன் என்று சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வாங்குங்கள். உரிமையாளர் கிடைக்காவிட்டால் பொலிஸில் ஒரு பதிவு போட்டுவிட்டுத் தொடுங்கள். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் முடியாது. மிருக வதைக்கு நம் நாட்டில் உள்ள சட்டம் 1907இல் வந்தது. அதிலுள்ள தண்டப்பணம் நூறு ரூபா. வெள்ளைக்காரன் காலத்தில் நூறு ரூபாவுக்கு ஒரு கனம் இருந்தது. இன்றைக்கு ஒரு குதிரையைப் பட்டினி போட்டவருக்கு அது பஸ் காசு. புதிய சட்ட வரைவை 2006இலேயே சட்ட ஆணைக்குழு எழுதிக் கொடுத்தும் அது வருடக்கணக்காக இழுபட்டதை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

4. இந்த நாலாவதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். மெலிந்த குதிரை பசியால் சாவதைவிட, இரக்கப்பட்டவர் கொடுத்த முதல் வயிறு நிறைந்த சாப்பாட்டால் சாவது எளிது.

நம் பழக்கம் உங்களுக்குத் தெரியும். எலும்பும் தோலுமாக ஓர் உயிர் வந்து நின்றால் கொள்ளு அவித்து, தவிடு பிசைந்து, வெல்லம் கலந்து ஒரு வாளி வைப்போம். குதிரையும் ஆசையாகத் தின்னும். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ விழுந்து செத்துவிடும். "பாவம், விதி முடிந்தது" என்று சொல்லிக்கொள்வோம். நடந்தது என்னவென்றால், மாதக்கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் சதையையே கரைத்துத் தின்று உயிர் பிடித்திருக்கும். அந்த வயிற்றுக்குள் திடீரென்று மாவும் சர்க்கரையும் போனால் இன்சுலின் பொங்கும். அப்போது இரத்தத்திலுள்ள கொஞ்சநஞ்ச பொஸ்பரசும் மக்னீசியமும் உயிரணுக்களுக்குள் இழுபட்டுப் போய்விடும். அவை இல்லாமல் இதயமும் மூச்சும் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது முகாம்களிலிருந்து மீண்ட மனிதர்கள் பலர் சாப்பிட்டுச் செத்ததும் இதே காரணத்தால்தான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பட்டினிக் குதிரைகளை வைத்து இதை ஆராய்ந்திருக்கிறார்கள். தானியத்தைவிட, லூசர்ன் என்கிற குதிரைமசாலின் காய்ந்த இலைத் தீவனமே பாதுகாப்பானது என்று கண்டார்கள். அவர்கள் சொன்ன அளவு இது: முதல் மூன்று நாள், நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, நாளுக்கு ஆறு தடவை. இரவிலும் எழும்பிக் கொடுக்க வேண்டும். நாலாம் நாளிலிருந்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தடவையைக் குறைத்து, ஆறாம் நாளில் எட்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோ அளவுக்குக் கொண்டுவரலாம். பத்து நாள் தாண்டினால்தான் விரும்பிய அளவு தின்ன விடலாம். லூசர்ன் நம் மலையில் விளைவதில்லை. பந்தயக் குதிரை வைத்திருப்பவர்கள் வெளியிலிருந்து வருவிக்கிறார்கள். குதிரையைக் கூட்டிவருமுன்பே இரண்டு மூட்டைக்கு வழி செய்துகொள்ளுங்கள். கிடைக்காத பட்சத்தில் நன்றாக உலர்ந்த புல்லை அதே சின்ன அளவில், மிருக வைத்தியரின் சொல்கேட்டுக் கொடுங்கள். கொள்ளு வேண்டாம். தவிடு வேண்டாம். வெல்லம் வேண்டவே வேண்டாம். குதிரை உங்களைப் பார்த்துக் கனைக்கும், வாளியைக் காலால் தட்டும், பக்கத்து வீட்டு ஆச்சி உங்களைக் கல்நெஞ்சக்காரன் என்பார். பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரும் உப்புக்கட்டியும் எப்போதும் இருக்கட்டும். தேறிய குதிரைக்கு நாளைக்கு 25 லீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும்.

5. பத்து நாள் கடந்த பிறகும் இந்த ஊரில் எதை வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் உங்கள் மனதில் இருக்க வேண்டும். நுவரெலியாச் சந்தையில் கழித்துப்போடும் லீக்ஸ் இலையும் கோவா இலையும் சும்மா கிடைக்கின்றன. அதனால்தான் தெருக்குதிரைகள் அங்கே நிற்கின்றன. லீக்ஸ் வெங்காயச் சாதி. அதிகம் தின்றால் குதிரையின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். கோவா வயிற்றில் வாயுவைக் கட்டும். உருளைக்கிழங்குக் கொடியும் பச்சை விழுந்த கிழங்கும் விஷம். பட்டர் ஃபுரூட் இலை, அரளி, பதனைப் புல்வெளி ஓரத்தில் வளரும் பெரிய பன்னைச் செடி, உண்ணிச்செடி, இவை எதுவும் எட்டும் தூரத்தில் இருக்கக்கூடாது. கரட் கொடுக்கலாம், நாளைக்கு ஒன்றிரண்டு, நீளவாக்கில் வெட்டி. வட்டமாக வெட்டினால் தொண்டையில் அடைக்கும்.

கோழித் தீனியைத் தொடாதீர்கள். அதில் கலக்கும் மொனென்சின் என்கிற மருந்து கோழிக்கு நல்லது. குதிரைக்குச் சிறிதளவே போதும், இதயத்தைக் கொல்லும். மாட்டுத் தீனியிலும் அது கலந்திருக்கலாம். தவிட்டையே முக்கிய உணவாக வைத்தாலும் கேடு. அதில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் குறைவு. நாளடைவில் முக எலும்பு உப்பி, கால் நொண்டும்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மாட்டுக்கு அறுப்பதுபோல் தேயிலைக்குள்ளும் கான் ஓரத்திலும் அறுத்துவரத்தான் உங்களுக்குத் தோன்றும். எந்த மலைக்கு எப்போது களைநாசினி அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்காமல் ஒரு பிடியும் அறுக்காதீர்கள். கிளைபோசேட்டை 2015இல் தடைசெய்து, பிறகு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். அடித்த இரண்டு மூன்று நாளைக்குப் புல் பச்சையாகவே நிற்கும், பார்த்தால் தெரியாது.

6. எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். தினமும் பார்க்கிற கண் ஏமாற்றும். தையல் டேப் ஒன்று போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டம்வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 155 என்றால் ஏறக்குறைய 355 கிலோ. அந்த அளவுக் குதிரை நல்ல உடம்போடு 450 கிலோவுக்குக் கிட்ட இருந்திருக்க வேண்டும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளக்கட்டும். டெக்சாசில் 1983இல் ஹென்னெகே என்பவர் வகுத்த ஒன்று முதல் ஒன்பதுவரையான உடற்கட்டு மதிப்பெண்ணையும் கற்றுக்கொள்ளுங்கள்: கழுத்து, தோள், விலா, முதுகு, வால்மேடு ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்த்துப் போடுகிற மதிப்பெண். ஒன்று என்றால் எலும்புக்கூடு. ஐந்தில் விலா கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தட்டுப்படும். ஒன்றிலிருந்து ஐந்துக்கு வர மூன்று முதல் ஐந்து மாதம் ஆகும். அதற்கு முன் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

7. மிருக வைத்தியரை முதல் நாளே கூப்பிடுங்கள். அரசாங்க மிருக வைத்தியர்கள் இங்கே பெரும்பாலும் மாட்டைப் பார்த்துப் பழகியவர்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையிடம் ஆலோசனை கேட்க அவர்களே வழிசெய்வார்கள். மூன்று காரியம் பிந்தக்கூடாது. ஏற்புத் தடுப்பூசி முதலாவது: வீட்டு மிருகங்களில் ஏற்புவலி குதிரையைத்தான் மிகச் சுலபமாகப் பிடிக்கும், தெருவில் திரிந்ததற்கு ஆணிக்காயம் இல்லாமல் இராது. அடுத்தது பல். குதிரையின் பல் வாழ்நாள் முழுதும் வெளியே வந்துகொண்டே தேய்கிறது, ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறது. நீங்கள் வைக்கும் புல் பாதி மென்றபடி கீழே விழுந்தால் பசியில்லை என்று நினைக்காதீர்கள், பல்லை அராவ வேண்டும். மூன்றாவது பூச்சி மருந்து. இதையும் முதல் நாளே முழு வீச்சில் கொடுத்தால் செத்த புழுக்கூட்டமே குடலைக் கெடுக்கும். எப்போது, எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

பந்தயக் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றில் புண் இருக்கும். வெறும் வயிறு, தானியத் தீனி, லாயச் சிறை எல்லாம் சேர்ந்து கொடுத்த பரிசு அது. தின்ன ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்தி நின்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

8. வயிற்றுவலி வந்தால். குதிரை தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் கிளறும், படுத்து எழும்பிப் புரளும், வியர்க்கும், லத்தி போடாது. தீனியை எடுத்துவிட்டு உடனே வைத்தியரைக் கூப்பிடுங்கள். நம் பெரியவர்கள் மாட்டுக்குச் செய்வதுபோல் மூங்கில் குழாயில் இஞ்சி, பெருங்காயக் கசாயம் ஊற்றப் பார்ப்பார்கள். நுரையீரலுக்குள் போய்விடும், விடவே விடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே போனது மேலே திரும்பாது. வைத்தியர் தொலைபேசியில் கேட்கிற முதல் கேள்விகள் நாடியும் காய்ச்சலும்தான். தாடைக்கு அடியில் விரல் வைத்து நாடி பாருங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 சரி. அறுபதைத் தாண்டினால் பயப்பட வேண்டும். உடம்புச் சூடு 37.5 முதல் 38.5 பாகை. குதிரை நன்றாக இருக்கும் நாட்களிலேயே இதைப் பழகுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு டோர்ச் வெளிச்சத்தில் புதிதாகப் படிக்க முடியாது.

9. கூரை முதலில், குதிரை பிறகு. திம்புள்ளயில் தைப் பனியும் காய்ந்த காற்றும் தேயிலைக்கு வாசனை கொடுக்கிற மாதங்களில் கவலையில்லை. வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கினால் புரட்டாசிவரை மண் காயாது. ஈரத்தில் நிற்கும் குளம்பின் நடுவிலுள்ள தவளைச் சதை அழுகிக் கறுத்து நாறும். முதுகில் நனைந்த மயிர் கொத்துக் கொத்தாகப் பொருக்கோடு உதிரும். மேட்டில், கான் வெட்டி, தண்ணீர் வடிகிற இடத்தில் கொட்டகை போடுங்கள். தச்சுப் பட்டறைச் சீவல் நல்ல படுக்கை. ஸ்டோரில் கழித்த தேயிலையைப் பரப்பலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அதில் கபீன் இருக்கிறது, குதிரை தின்னும். குளம்பைத் தினமும் சுத்தம் செய்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவச் சொல்லுங்கள். ஓட்டத்துக்குப் போட்ட மெல்லிய அலுமினிய லாடம் இன்னும் இருந்தால் கழற்றிவிடலாம். நல்ல தீனி தின்ற குளம்பு முழுசாக வளர்ந்து இறங்க ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகும். இரவில் கதவைச் சாத்துங்கள். இங்கே சிறுத்தை லயம்வரை வருவது நீங்கள் அறிந்ததுதான்.

10. தனியாகக் கட்டாதீர்கள். மந்தை உயிர் அது. இன்னொரு குதிரை வைக்க உங்களுக்கு வசதி இராது. ஓர் ஆடோ பசுவோ கண்ணில் படும்படி பக்கத்தில் நின்றாலே அதன் நடை தணியும். ஆண் குதிரை என்றால், உடம்பு தேறியபின் வைத்தியரைக் கொண்டு நலமடித்துவிடுங்கள். பிள்ளைகள் ஓடித்திரிகிற லயத்தில் முழு ஆண் குதிரை கூடாது.

11. ஏறாதீர்கள். குறைந்தது ஆறு மாதம். அதற்குப் பிறகும் வைத்தியர் கால் நரம்பைத் தடவிப் பார்த்துச் சொன்னால்தான். உங்கள் கைக்கு அந்தக் குதிரையின் பாடம் தலைகீழ்: கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் சாதாரணக் குதிரை நிற்கும், ஓட்டக் குதிரை அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகம் எடுக்கும். ஏறும்போது அசையாமல் நிற்கவும் அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நடந்துகொண்டே ஜொக்கியைத் தூக்கிவிடுவதுதான் அது கண்ட வழக்கம். முதலில் கயிற்றில் நடத்துங்கள், லொறிச் சத்தத்தையும் கொழுந்துச் சாக்கையும் பழக்குங்கள். நின்றதற்கு ஒரு தட்டிக்கொடுப்பு கொடுத்தால் நிற்கக் கற்றுக்கொள்ளும். "தீனிச் செலவுக்காவது சீசனில் சவாரிக்கு விடலாமே" என்ற யோசனை கட்டாயம் வரும். நீங்கள் எந்த வாவிக் கரையிலிருந்து அதைக் கூட்டிவந்தீர்களோ அங்கேயேதான் அது கொண்டுபோய்விடும். செலவுக்கு வழி வேண்டுமானால் அதன் லத்தியை மக்கவைத்து மரக்கறித் தோட்டக்காரர்களுக்குக் கொடுங்கள். மக்காத லத்தியில் ஏற்புக் கிருமி இருக்கும் என்பதால் காலில் வெட்டுக்காயத்தோடு அதை மிதிக்காதீர்கள். உங்களுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

12. ஒரு கூலிக் குடும்பம் தனியாக இதைச் சுமக்க முடியாது. நான்கு வீடு சேருங்கள்; புல்லுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், மருந்துக் காசுக்கு எல்லோரும். தமிழ்நாட்டில் ஊட்டியிலும் இதே மலை, இதே தெருக்குதிரைக் கதைதான். குத்தகைப் பாக்கிக்காக 2024 ஜூனில் அரசு ரேஸ் கோர்ஸ் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகும் அங்கே குதிரைகள் வீதியில் திரிவது நிற்கவில்லை. கீழே மசினகுடிக்குப் பக்கத்தில் மாவனல்லாவில் ஒரு விலங்குக் காப்பகம் கைவிடப்பட்ட குதிரைகளை ஏற்றுப் பார்க்கிறது. அப்படி ஒன்று நம் நுவரெலியாவுக்கும் வேண்டும். பந்தயம் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு குதிரையின் பெயரிலும் ஓய்வுக்கால நிதி என்று ஒரு தொகையை ஒதுக்கினால் அது நடக்கும். பிரிட்டனிலும் ஹொங்கொங்கிலும் ஓய்வுபெற்ற குதிரைக்குப் பந்தயத்துறையே ஏற்பாடு வைத்திருக்கிறது. இதை மாநகரசபையிலும் பாராளுமன்ற உறுப்பினரிடமும் கேட்க வெட்கப்படாதீர்கள்.

13. சில குதிரைகள் தேறமாட்டா. குளம்புக்குள் எலும்பு இறங்கிவிட்டது, கால் உடைந்துவிட்டது, படுத்தது எழும்பவில்லை என்றால், வைத்தியர் ஊசி போடலாம் என்று சொல்லும்போது மறுக்காதீர்கள். கடைசிவரை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதற்காக அதை வலியில் கிடத்தாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், அதற்கு உங்கள் குரல் தெரியும். ஆற்றுக்கும் பீலித் தண்ணீருக்கும் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். நம் ஓயாக்களின் தண்ணீர் தலவாக்கலையில் மேல் கொத்மலை அணைக்குத்தான் போகிறது. ஊசி மருந்து உடம்பில் தங்குவதால் நாயோ பன்றியோ தோண்டித் தின்றால் அவையும் சாகும்.

14. ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். தீனி அளவு, எடை, லத்தி, காய்ச்சல், ஊசி போட்ட தேதி, குளம்பு சீவிய தேதி, எல்லாம் அதில். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலோ கொழும்புக்கு வேலைக்குப் போனாலோ அடுத்தவர் அதைப் பார்த்துத் தொடர வேண்டும். முதல் பக்கத்தில் மிருக வைத்தியரின் இலக்கத்தைப் பெரிதாக எழுதுங்கள். லயத்தில் இன்னும் இரண்டு பேரின் கைத்தொலைபேசியிலும் அந்த இலக்கம் இருக்கட்டும்.